வால்நட்சத்திரமும் என் வலது கண்ணும்

வால்நட்சத்திரம் வருகிறது என்ற செய்தி கைபேசிக்கு வந்தபோது நான் கண்ணுக்கு லேசர் சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தேன். சர்க்கரை வியாதி கண்ணுக்குப் போய்விட்டது. உள்ளே மெல்லிய ரத்தக் குழாய்கள் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. பகலில் ஆட்களின் முகம் தெரியும், பெரிய எழுத்தாக இருந்தால் படிப்பேன். விளக்கை அணைத்தால் ஒன்றுமில்லை. இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் லேசர், ஆனால் இருட்டில் பார்க்கிற சக்தி குறைந்துவிடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். இருந்த பயத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

அதற்கு முன் தாராவியில் ஒரு ரெடிமேட் பட்டறையில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் சட்டைகளில் தையல் விட்டிருக்கிறதா, பிசிறு நிற்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். விட்டுப்போன தையல்கள் என் கையிலிருந்து தப்பிப் போகத் தொடங்கியதும் சேட் நல்லபடியாகவே பேசி அனுப்பிவைத்தார்.

வானம் பார்க்கும் பைத்தியம் கொரோனா ஊரடங்கில் பிடித்தது. பட்டறைகள் மூடிக் கிடந்தன, புகை இல்லை. எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் நின்றால், நான் பிறந்து வளர்ந்த இந்த ஊருக்கு மேலே இவ்வளவு இருந்திருக்கிறதா என்று தோன்றியது. அந்த வருஷமே ஒரு வால்நட்சத்திரம் வந்தது. வந்தது ஜூலையில். மும்பையில் ஜூலையில் வானம் எங்கே தெரிகிறது? மழையைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். அடுத்தது வந்தால் விடக்கூடாது என்று, மாட்டுங்காவில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் பழைய டெலஸ்கோப் வாங்கினேன். அதில் நிலாவின் பள்ளங்களைப் பார்த்தேன், சனியின் வளையத்தைப் பார்த்தேன். கட்டடத்துப் பெண்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. சோறு எடுத்து வைக்கியா?" என்றார்.

அவர் செம்பூர்ப் பக்கத்துக் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். நாள் முழுக்க மேலும் கீழும் போய் வருகிறவருக்கு வீட்டுக்கு வந்தால் காலை நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கண் போன பிறகு டெலஸ்கோப்பைப் போர்வையால் மூடி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தியிருந்தேன். வால்நட்சத்திரத்தைப் பற்றி ஆளாளுக்குச் செய்தி அனுப்பினார்கள். இந்தத் தலைமுறையிலேயே நல்ல வெளிச்சமானது, சாயங்காலமே மேற்கில் தெரியும், இனி வர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். போனைக் கவிழ்த்து வைத்தேன். அவரிடம் மூச்சுவிடவில்லை. ஆனால் லிஃப்ட் சரிசெய்யப் போன இடத்தில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"ஏளா, வால்நட்சத்திரம் வருதாமே. நீ சொல்லவே இல்ல."

"சொல்லி என்ன செய்ய?"

சட்டையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "நான் போட்டோ எடுத்துத் தாரேன். போன்லதான் வெளிச்சம் இருக்கே, பெருசாக்கிப் பாரு."

"உங்களுக்கு நிலாவையே டெலஸ்கோப்புக்குள்ள பிடிக்கத் தெரியாது."

"நீ சொல்லு. நான் திருப்புதேன்."

மறுநாள் பழைய லிஃப்ட் கதவின் ரப்பரையும் இரண்டு தகடுகளையும் கொண்டுவந்து, கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் போனை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளிப் செய்தார். தொட்டுப் பார்த்தேன். ஆடவில்லை.

முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் போகிற மழை சாயங்காலமானால் இடியோடு வந்து நின்றது. அவர் டெலஸ்கோப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார், நான் பின்னால் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு போவேன். மின்னல் மட்டும் எனக்கும் தெரிந்தது. மேகத்தைப் பார்த்து அவர் இந்தியில் திட்டுவார். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. யாருக்கும் தெரியாமலே அது போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானமே மழை பெய்து ஓய்ந்தது. சாயங்காலம் அவர் சீக்கிரமே வந்து, "வானம் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு, வா" என்றார்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் டெலஸ்கோப்பை நிறுத்தினோம். வெளிச்சம் குறையக் குறைய எனக்கு எல்லாம் கரைந்துபோனது. முதலில் அவர் முகம் போனது, பிறகு என் கையும் போய்விட்டது.

"மாகிம் பக்கம் பாருங்க. ரொம்பப் பளிச்சுன்னு ஒண்ணு தெரியுதா?"

"தெரியுது. ப்ளேனா?"

"அசையுதா?"

"இல்ல."

"அதான் வெள்ளி. அதுக்கு வலது கைப் பக்கம் தள்ளி, செவப்பா ஒண்ணு இருக்கும்."

"செவப்பா நெறைய இருக்குளா. எல்லாம் கிரேன் லைட்டு."

"மினுங்குதது எதுன்னு பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல, மேல. அங்கனதான் இருக்கும்."

"ஒண்ணையும் காணோமே."

"சும்மா பாத்தா தெரியாது. இங்க இருக்குத வெளிச்சத்துக்கு எப்படித் தெரியும்? குழாய் வழியாத் தேடுங்க."

அவர் தேடினார். எனக்கு எரிச்சல் வந்தது. குழாயைத் தொட்டுப் பார்த்தால் ரொம்பத் தாழ்ந்து கிடந்தது. "இம்புட்டுக் கீழ இருந்தா பாந்த்ரா பில்டிங்தான் தெரியும், தூக்குங்க" என்று கத்தினேன். என் கையாலேயே தூக்கிவைத்தேன். அவர் மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனார். ஸ்டாண்டு உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது.

அவர் மூச்சுக்கூட விடவில்லை.

"என்ன?"

அவர் முழங்கையைத் தொட்டேன்.

"என்னங்க, இருக்கா?"

"இருக்கு" என்றார். அது அவர் குரல் மாதிரியே இல்லை. பிறகும் அவர் நகரவில்லை. நான் பக்கத்தில் நிற்பதையே மறந்துவிட்டார். எங்கள் இத்தனை வருஷ வாழ்க்கையில் அவர்மேல் எனக்குப் பொறாமை வந்தது அன்றைக்குத்தான்.

"எப்படி இருக்கு சொல்லுங்க."

"ஒரு பொட்டு. அதுலருந்து புகை மாதிரி மேல போவுது. சாஞ்சாப்புல." நிறுத்தினார். "எனக்குச் சொல்ல வரல."

"போட்டோ எடுங்க. கீழ எறங்கிரும்."

போனை மாட்டினார். முதலில் எடுத்ததெல்லாம் ஆடிவிட்டது. கையால் அமுக்காதீர்கள், டைமர் வையுங்கள் என்றேன். வைத்தார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் மாடித் தளமே அதிர்ந்தது. மோட்டார் நிற்கும் வரை காத்திருந்தோம். அதற்குள் அது கடலோரப் புகைக்குள் இறங்கிவிடுமோ என்று அவர் துடித்தார். நின்றதும் மறுபடி எடுத்தார். "மஸ்த்! அருமையா வந்திருக்கு!" என்று அவர் வாயிலிருந்து வந்தது. போனை என் கையில் வைத்து வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவிட்டார்.

முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு. அதில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, அதிலிருந்து நீளமாக, சாய்வாக ஒரு வால்.

"தெரியுது!" என்றேன். "தெரியுதுங்க, வால் தெரியுது!"

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தலைப் பக்கத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். அதுவும் இறங்கியது. வலது பக்கம் திருப்பினேன். அதுவும் நீந்திக்கொண்டு கூடவே வந்தது.

அது என் ரத்தம். வலது கண்ணுக்குள் மாசக்கணக்காக மிதந்துகொண்டிருப்பது. தினமும் காலையில் விழித்ததும் சுவரில் நான் பார்க்கிறது.

"தலை எது, காட்டு பாப்போம்" என்றார் அவர் சந்தோஷமாக.

என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு இடத்தில் விரலை வைத்தேன். கீழே தெருவில் ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. என் கையிலிருந்து போனை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"பனி விழுது. கீழ போவோம்" என்றார். அக்டோபர் வெக்கையில் எங்கே பனி?

அவர் அதோடு விடவில்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்தென்றால் நான் படிக்கிறேன் என்பதை வைத்து, மறுநாள் அந்தப் படத்தின் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி டிவியில் போட்டார். பகல் வெளிச்சத்தில், டிவித் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் நின்றேன். சலித்த மாவில் யாரோ சாம்பல் படிந்த விரலை இழுத்தது போல ஒன்று இருந்தது. கண்ணை அசைத்தேன். அது அசையவில்லை.

"இது நெசமாவே தெரியுது" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. நான் பொய் சொல்லவில்லை. பார்த்தேன். ஆனால் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோருடைய போனிலும் வந்த படங்களைப் போல அதுவும் ஒரு படம். அங்கிருந்து கிளம்பி வந்த வெளிச்சம் என் கண்ணில் விழ வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது அவர் கண்ணில் விழுந்தது.

அதன் பிறகு தினமும் அவர் தனியாக மாடிக்குப் போனார். என்னைக் கூப்பிட்டார், நான் முழங்கால் வலிக்கிறது என்றேன். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவர் விளக்குவது கேட்கும். வெள்ளி, அதற்கு வலது கைப் பக்கம், மினுங்குகிற செவப்பு நட்சத்திரம். நான் சொன்ன அதே வார்த்தைகள். அது நாளுக்கு நாள் மங்கியது, தீபாவளி வெடிப்புகை எழும்பியதும் அவராலும் பிடிக்க முடியவில்லை.

குளிர் தொடங்கியதும் வலது கண்ணில் ஆப்பரேஷன் செய்து ரத்தத்தை எடுத்தார்கள். மிதந்துகொண்டிருந்தது போய்விட்டது. பகலில் பார்வை கொஞ்சம் தெளிந்தது. இருட்டு அப்படியேதான் இருக்கிறது, இனி அது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்தவர் கையைக் கழுவாமலே கேட்டார்: "சனியோட வளையம் நீ காட்டுனப்ப இருந்த மாதிரி இல்லையே. ரொம்ப மெலிசா இருக்கு."

"அது சாஞ்சிருக்குத விதம் மாறிட்டே வரும். இன்னும் கொஞ்ச நாள்ல சுத்தமாத் தெரியாமப் போயிரும்."

"அரே! நெசமாவா?" என்றார். குரலில் உண்மையான கவலை இருந்தது.

"நெசந்தான்" என்று சொல்லிவிட்டு அவருக்குச் சோறு எடுத்து வைக்கப் போனேன்.