பைலட் தம்பியின் இரண்டு காப்புறுதிகள்

காப்புறுதி முகவர் வேலை என்பது, நன்றாக இருக்கிற ஆளைத் தேடிப்போய் அவருடைய சாவைப் பற்றிப் பேசுகிற வேலை. புளத்கொகுபிட்டிய, கேகாலைப் பக்கம் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். இதே தொழிலில் கிடந்து அல்லாடுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து லயத்துக்குப் போனாலும் கடைத்தெருவுக்குப் போனாலும் முதலில் தேத்தண்ணி கிடைக்கும். அடுத்து, “வாற மாசம் பாப்போம்” என்ற பதில் கிடைக்கும். தானாகவே போன் எடுத்து என்னைக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு விமானி.

கூப்பிட்டுப் பேசியவர்

எங்கள் கடைத்தெருவில் சில்லறைக்கடை வைத்திருக்கும் முத்தையா முதலாளிக்கு ரவீந்திரன் ஒரே மகன். இருந்த ரப்பர் காணியை விற்றுத்தான் முதலாளி மகனை விமானம் ஓட்டப் படிக்க வைத்தார். ரவி தம்பி வெளிநாட்டு விமானக் கம்பனி ஒன்றில் துணை விமானியாகச் சேர்ந்து, கல்யாணமும் முடித்து, லீவில் ஊருக்கு வந்திருந்தார்.

விமானி என்றதும் நான் விபத்து மரணத்திலிருந்தே பேச்சைத் தொடங்கினேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். கடைசியில் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “பிளேன் விழும்னு நான் பயப்படலக்கா. வருசா வருசம் டாக்டர் பாத்து சரின்னு சொன்னாத்தான் நான் பைலட். அவரு இல்லன்னுட்டா, உயிரோட இருந்துகிட்டே எனக்கு வேலை இல்ல.”

எந்த வேலையும், என் வேலையும்

ஆயுள் காப்புறுதியில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. அவருக்கு ஏதாவது நடந்தால் மனைவிக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் போய்ச் சேரும். மாட்டிக்கொண்டது ஏலாமைக் காப்புறுதியில்தான். எங்கள் கம்பனியின் நிபந்தனையில் ‘எந்த வேலையும் செய்ய முடியாத நிலை’ என்று இருந்தது. ரவி அந்த இடத்தில் விரலை வைத்தார். காது கொஞ்சம் மந்தமானாலே விமானம் ஓட்ட விடமாட்டார்கள். ஆனால் அப்பாவின் கடையில் உட்கார்ந்து பருப்பு நிறுக்கலாம். பருப்பு நிறுக்க முடிந்தால் எங்கள் கணக்கில் அவருக்கு ஏலாமை இல்லை.

‘தன் தொழிலைச் செய்ய முடியாத நிலை’ என்று சொல்கிற காப்புறுதிதான் அவருக்கு வேண்டும். விமானிகளின் லைசன்ஸ் பறிபோனால் பணம் தருகிற காப்புறுதி தனியாக உண்டு. எங்களிடம் அது இல்லை. அவர் வேலை செய்கிற விமானக் கம்பனியே ஒன்று கொடுத்திருந்தது. ஆனால் அது வேலையை விட்டால் கூடவே போய்விடும். “ஆயுளை எங்ககிட்ட எடுங்க தம்பி. லைசன்ஸுக்கு வெளிநாட்டுக் கம்பனியில உங்க பேர்லயே எடுங்க. உடம்பு நல்லா இருக்கிற இப்பவே எடுங்க, ஒரு வருத்தம், வியாதி வந்தப்புறம் ஒருத்தனும் தரமாட்டான்” என்றேன்.

இதைக் கேள்விப்பட்ட எங்கள் மனேஜர் ஜயந்த மாத்தயா நெற்றியில் அடித்துக்கொண்டார். நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் சிங்களமும் தமிழும் கலந்து வரும்: “பிஸ்ஸுத மிஸ்? பைத்தியமா உங்களுக்கு? கைக்கு வந்த ஆள நீங்களே அடுத்த கம்பனிக்கு அனுப்புறதா?”

சமையலறையிலிருந்து திரும்பி வந்தவர்

ரவியின் மனைவி ஷாமினி அப்போது மாசமாக இருந்தார். ஆயுள் காப்புறுதிப் பேச்சு தொடங்கியதுமே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அவ்வளவு பாத்திரம் அந்த வீட்டில் இல்லை என்பது எனக்கும் ரவிக்கும் தெரியும்.

பிறகு ஈரக்கையோடு வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எவ்வளவுக்கு எடுப்பது என்று நான் கேட்டேன். “அவரு இல்லாத வீட்டுக்கு எவ்வளவு வேணும்னு எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா. புள்ள படிச்சு முடிக்கிற வரைக்கும் நாங்க யாருகிட்டயும் போய் நிக்கக் கூடாது, அவ்வளவுதான்.” அந்தக் கணக்குக்கே ஆயுளை எழுதினேன்; லைசன்ஸுக்கு ரவி வெளிநாட்டுக் கம்பனியில் எடுத்தார்.

முதலாளி கேட்ட கேள்வி

சில வருடங்கள் போயின. லீவில் வந்திருந்த ரவி ஒரு நாள் காலை, கடை திறக்கும் முன் உள்ளே அப்பாவுக்கு உதவியாக அரிசி மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தவர், அப்படியே விழுந்தார். வலிப்பில் கையும் காலும் இழுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாலையில் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார்கள். ஷாமினி மகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தார். முதலாளிதான் பேசினார். பார்த்தது வீட்டு ஆட்கள் மட்டும்தான், அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றார். “நாங்க வாய் திறக்கலன்னா காப்புறுதிக்கு ஏதும் பிரச்சினை வருமா, புள்ள?” என்று கேட்டார். காணியை விற்று மகனைப் பறக்க வைத்த மனிதர். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மறைத்தால் அந்த லைசன்ஸ் காப்புறுதியும் செல்லாமல் போகும் என்றேன்.

ரவி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “அப்பா, பிளேன எறக்குற நேரம் பாத்து எனக்கு அது மறுபடி வந்தா என்னப்பா செய்றது?”

முதலாளி எழுந்தார். கடைக்குப் போய், நல்ல வியாபார நேரத்தில், ஒரு கதவை இழுத்துச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ரவி அன்றைக்கே விமானக் கம்பனியின் டாக்டருக்குப் போன் எடுத்துவிட்டார்.

நல்லாத்தானே நடக்கிறாரு

பரிசோதனை மேல் பரிசோதனை. லைசன்ஸ் போனது. வெளிநாட்டுக் காப்புறுதிக் கம்பனி மாதக்கணக்கில் கேள்வி கேட்டது. கொழும்புக்கும் ஊருக்குமாக நானும் கூடவே அலைந்தேன். ஒருவழியாகப் பணம் வந்தது.

பணம் வந்த செய்தி கடைத்தெருவில் பரவியதும் ரவி வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். கை கால் போனால்தான் நம் சனத்துக்கு ஏலாமை. ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்துத் துணிக்கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்: “நல்லாத்தானே நடக்கிறாரு அந்தத் தம்பி, பெறகு எதுக்கு அவருக்குக் காசு?”

நான் கேட்டது

ரவி இப்போது கொழும்பில், விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். மருந்து ஒழுங்காகப் போடுகிறார், வலிப்பு திரும்ப வரவில்லை. போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்: “அந்தக் காப்புறுதி இல்லாட்டியும் நீங்க டாக்டர்கிட்ட சொல்லியிருப்பீங்களா தம்பி?”

உள்ளே ஷாமினி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்த்தபடியே ரவி சொன்னார்: “சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. வீட்ல அடுப்பு எரியும்னு தெரிஞ்சதாலதான் அப்பா முன்னால எனக்கு வாய் வந்துச்சு.”

நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும் சரக்கை விற்றுவிட்டு, அது அவர்களுக்கு ஒருநாளும் தேவைப்படக் கூடாது என்று கோயிலில் வேண்டிக்கொள்கிற வியாபாரம், எனக்குத் தெரிந்து, நம்முடையது ஒன்றுதான்.