வட்டம் விழாத தட்டு

மற்றத் தொழில்களில் எதையாவது வளர்த்துக் காட்டினால் பாராட்டுவார்கள். எங்கள் தொழிலில் நன்றாக வளர்ந்திருந்தால் யாருக்கோ கேடு என்று அர்த்தம்.

சங்கரன்கோவிலில் ஒரு லேபில் பதினோரு வருடமாகக் கிருமி வளர்க்கிறேன். புண்ணிலிருந்து எடுத்த சீழைத் தட்டில் தடவி, முளைத்து வருவதன் மேல் மருந்தில் நனைத்த டிஸ்குகளை வைப்போம். சாந்துப்பொட்டு அளவில் காகித வில்லைகள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வட்டம் விழும். ரிப்போர்ட்டில் அதற்கு எஸ். வட்டம் விழாவிட்டால் ஆர். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எங்களைத் திட்டியவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நடந்ததைச் சண்முகையா அண்ணாச்சியின் நான்கு தட்டுகளை வைத்துச் சொல்கிறேன்.

மண்

அண்ணாச்சி விசைத்தறி ஓட்டுகிறவர். சர்க்கரை உண்டு. தறிக்குக் கீழே கிடந்த கம்பி உள்ளங்காலில் ஏறியது அவருக்கு ஒரு நாள் முழுக்கத் தெரியவில்லை. தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து அவர் மனைவி சுப்புத்தாய்தான் கண்டுபிடித்தார். டாக்டர் சீட்டோடு இரண்டு பேரும் வந்தார்கள். அன்று கூட்டம். புண்ணைக் கழுவாமல் பஞ்சை வைத்து எடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் தட்டைத் திறந்தால் வெள்ளையாகச் சுருங்கிய ஒரு படலம் ஓரம் வரை பரவியிருந்தது. மண்ணில் இருக்கும் கிருமி அப்படித்தான் வளரும். கேட்டதற்கு, கோவில் புற்றுமண் பூசியதாகச் சொன்னார்கள். மண்ணைக் குறை சொல்ல முடியாது. கழுவாதது நான். "மண்ணுல உள்ள கிருமி முளைச்சு, புண்ணுல உள்ளதை மறைச்சிட்டு. திரும்ப எடுக்கணும்" என்றேன். சுப்புத்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மன் மண்ணையா கிருமிங்குதிய?"

சாப்பிடவில்லை

இந்த முறை நன்றாகக் கழுவித்தான் எடுத்தேன். படிவத்தில் உள்ள கேள்வியையும் விடாமல் கேட்டேன்: "மாத்திரை எதுவும் சாப்பிட்டீங்களா?" இல்லை என்றார் அண்ணாச்சி. தட்டில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. 'வளர்ச்சி இல்லை' என்று அடித்துக் கொடுத்தேன். சுப்புத்தாய் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணாச்சி மறுநாளே தறிக்குப் போய்விட்டார்.

எட்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார். அவர் உள்ளே வருவதற்கு முன்னால் காலின் வாடை வந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. புண்ணில் கிருமி இருந்தும் தட்டில் முளைக்கவில்லை என்றால் பஞ்சில் மருந்து ஏறியிருக்க வேண்டுமே என்று மறுபடி கேட்டேன். அவர் பொய் சொல்லியிருக்கவில்லை.

"சாப்பிடலையம்மா. செவப்பு கேப்சூலைப் பிரிச்சு, உள்ள இருக்க பொடியத்தான் புண்ணுல தூவினேன்."

ஆட்டு ரத்தம்

மூன்றாவது தட்டு பச்சை. ஈரப் பாசி மாதிரி மினுங்கியது. இந்தக் கிருமிக்கு ஒரு வாசனை உண்டு, பழுத்த திராட்சை போல. சிவகிரி, ராயகிரிப் பக்கம் போய் சாம்பிள் வாங்கி வரும் பீர் முகமது அண்ணன் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "ஜூஸ் கடை போட்டாச்சா?" என்றார். வெளியே அண்ணாச்சியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. கதவுக்கு உள்ளே இருந்தே தூக்கிக் காட்டினேன். பச்சைக்கு அடியில் தட்டு ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டார். சில கிருமிகளுக்கு ஆட்டு ரத்தம் கலந்துதான் சாப்பாடு வைப்போம் என்றேன். அதே கிருமியை இன்னொரு தட்டில் தடவி வைத்த பன்னிரண்டு டிஸ்குகளில் இரண்டுக்கு வட்டம் விழுந்திருந்தது. பிழைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சிரித்தார்.

"எனக்கு ரத்தப்பொரியல் கூடாதுங்காரு டாக்டரு. என் கால்ல இருக்கவனுக்கு ஆட்டு ரத்தமா?"

நாலு நாள்

வட்டம் விழுந்த மருந்தை ஊசியாகப் பத்து நாள், காலையும் சாயங்காலமும் போடச் சொன்னார் டாக்டர். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் பீர் முகமது அண்ணன் அந்தத் தெரு வழியாகப் போகும்போது தறிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். அண்ணாச்சி ஊசிக்குப் போகாமல், காலில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு நின்று ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு நாள் ஊசியில் செத்தது, சாகக்கூடியது மட்டும். சாகாதது அந்தப் பைக்குள் பெருகிக்கொண்டிருந்தது. இதை நானே போய்ச் சொல்லியிருக்கலாம். ரிப்போர்ட் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். சத்தம் போட்டது பீர் முகமது அண்ணன்தான். அவருக்குக் கிடைத்த பதில்:

"காய்ச்சலே போயிட்டு பாய். இன்னும் யாரப் பிடிக்க ஊசி போடணும்?"

டிஸ்க்

புண் மறுபடி முற்றி வந்தபோது போட்ட நான்காவது தட்டில் ஒரு வட்டம்கூட இல்லை. பன்னிரண்டு வில்லைகளின் விளிம்பு வரை பச்சை ஏறியிருந்தது. தவறு செய்துவிட்டேனோ என்று திரும்பப் போட்டேன். அதே பச்சை. டாக்டருக்குப் போன் செய்து ஒவ்வொரு மருந்தாகப் பெயர் சொல்லி ஆர், ஆர் என்று வாசித்தேன். கடைசிப் பெயருக்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"வேற டிஸ்க் எதுவும் வச்சிருக்கியாம்மா?"

ரைட்

ரிப்போர்ட்டை வாங்க அண்ணாச்சியே வந்தார், சுப்புத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு. எங்கள் ஆட்கள் யாரும் ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதற்குப் பின்னால் நாங்கள் எல்லோருமே ஒளிந்திருக்கிறோம். "டாக்டர்ட்ட காட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"போன தடவ ரெண்டு எஸ்ஸு இருந்துது. இப்பம் எல்லாம் ஆருதான். ஆருன்னா ரைட்டுதானம்மா?"

சாப்பாடு

திருநெல்வேலியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. ஒன்பதாம் நாள் உடலை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

வட்டமே விழாத கிருமி கிடைத்தால் தனக்கு வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சி மாணவி முன்பே சொல்லி வைத்திருந்தாள். அனுப்பினேன். உள்ளே வரும் மருந்தை உடனே வெளியே இறைத்துவிடும் பம்பு ஒன்று அதற்குள் ஓயாமல் ஓடுகிறது என்றும், அதன் மரபணுவை வாசித்துக்கொண்டிருப்பதாகவும், சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினாள். அதனால் எங்களிடமும் ஒன்றை வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றுவேன்.

ஆறு மாதம் கழித்து சுப்புத்தாய் தன் சர்க்கரையைப் பார்க்க வந்தார். கையில் ரப்பரைக் கட்டும்போது, "அவரு கால்ல இருந்தத என்ன செஞ்சிய?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. இருக்கிறது என்றேன். ரத்தம் எடுத்து முடித்தேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்தவர், கதவருகில் நின்று கேட்டார்.

"அதுக்கு இப்பமும் ஆட்டு ரத்தந்தான் குடுக்கியளா?"

ஆமாம், மாதம் தவறாமல். பதினோரு வருடத்தில் நான் சாகவிடாமல் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.