அவித்த மாவில் ஒட்டிய கடல்

விளைமீன் செதிலை எத்தனை தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தாலும் மீன் மணம் முழுதாகப் போகாது. ஆனால் கண்ணாடித்துண்டு போல மினுங்கும். அந்த மணம் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு நஸ்ரினின் ஞாபகம்தான் முதலில் வரும்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. நூலகத்தில் எடுத்த ஒரு சிறுவர் நாவலை இருவரும் மாறி மாறிப் படித்துப் பித்துப் பிடித்துத் திரிந்தோம். காணாமற்போன தம்பியைத் தேடித் தனியே படகில் கடலுக்குப் போகும் ஒரு சிறுமியின் கதை. கடைசிப் பக்கங்களை எந்தப் புண்ணியவானோ கிழித்திருந்தான். படகு திரும்பி வந்தது என்பது என் கட்சி. "வராது. போனது போனதுதான்" என்று நஸ்ரின் ஒரேயடியாகச் சொல்லிவிடுவாள்.

அவளுடைய வாப்பா கடையை, லோஞ்சில் கடல் கடந்து போகவேண்டிய மூதூருக்கு மாற்றப் போகிறார் என்று தெரிந்ததும், அவள் கொண்டுபோவதற்காக அந்தக் கதையைப் படமாகச் செய்யத் தொடங்கினோம். பெரிய மட்டையில் அறுந்த வலைநூலால் அலை, வள்ளங்களிலிருந்து உரிந்த நீலப் பெயின்ற் சருகுகளால் வானம், தீப்பெட்டி மட்டையில் படகு, அதன் பாய்க்கு அவள் உம்மாவின் பழைய சேலைத் துண்டு. படகை மட்டும் குண்டூசியால் குத்தி வைத்தோம். நான் அதைக் கரைப்பக்கம் நகர்த்துவேன். அவள் வந்து ஆழக்கடலுக்குத் தள்ளுவாள்.

கடலுக்கான செதில்களை, அவள் போவதற்கு முந்தின பின்னேரம்தான் ஒட்டினோம். பசை காய்ச்சியது நான். குசினியில் கைக்கு அகப்பட்ட பேணியிலிருந்து "மா" அள்ளினேன். அது அம்மா புட்டுக்காக அவித்து அரித்து வைத்திருந்தது. பச்சை மாதான் பசையாக இழுபடும் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பசைச்சட்டியைக் கண்டு, "ஐயோ பிள்ளை, அவிச்ச மா ஒட்டுமே? என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்று அம்மா சொன்னபோது, நஸ்ரின் வீட்டார் ஜெட்டிக்குப் போய்விட்டிருந்தார்கள். ஓடினேன்.

மூதூர் லோஞ்சில் ஏறும்போது காற்றுக்கு மட்டை வளைந்து, எங்கள் கடல் செதில் செதிலாகத் தண்ணீரில் உதிர்ந்தது. நான் அழுதேன். நஸ்ரின் படகைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இது உன்னட்ட இருக்கட்டும். நான் அங்க கடலைத் திருப்பி ஒட்டுறன். பிறகு நீ கொண்டு வா."

பிறகு யுத்தம் வந்தது. போகாததற்கு அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேன். யுத்தம் முடிந்து, லோஞ்சுக்குப் பதிலாகப் பாலங்களும் வந்துவிட்டன. மூதூர் பஸ் நான் வேலைசெய்யும் கந்தோர் வாசலால்தான் போகிறது. அடுத்த பெருநாளுக்குப் போவோம், அடுத்த பெருநாளுக்குப் போவோம் என்றே இருந்துவிட்டேன்.

போன மாதம் மூதூரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளையிடம் தயங்கித் தயங்கி விசாரித்தேன்.

"நஸ்ரின் டீச்சரா? அவ மௌத்தாகி, அடக்கியே ஒரு வருசமாகுது. எங்கட வகுப்பில மீன் செதில் ஒட்டின கடல் படம் ஒண்டு கொழுவியிருந்தா. படகு எங்க டீச்சர் எண்டு கேட்டா, வரும் எண்டுவா."

படகு என் அலுமாரியில் இருக்கிறது.