வடிகட்டாத ஊர்

செய்தித்தாளில் புது மருந்தைப் பற்றி ஏதாவது வந்தால் நான் விடாமல் படிக்கிறேன். சர்க்கரைக்கு, இதயத்துக்கு, ஈரலுக்கு, எதற்கானாலும் சரி. இத்தனை பேருக்கு மருந்து கொடுத்தார்கள், இத்தனை பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று ஒரு வரி இருக்கும். கிழவனுக்குப் புதிதாக என்ன வியாதி வந்துவிட்டதோ என்று வீட்டில் நினைக்கிறார்கள். வியாதிகள் ஐந்து இருக்கின்றன, அது வேறு. நான் தேடுவது அந்த இரண்டாவது எண்ணை. வெறும் மாத்திரை விழுங்கியவர்கள் எத்தனை பேர்? பிறகு யாராவது அவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னார்களா? அதைச் செய்தியில் போடுவதில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்திய மூன்று வருடங்கள் மதுரையில் ஒரு டாக்டரிடம் எழுத்தராக இருந்தேன். இண்டர்மீடியட் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் விளாங்குடியில் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயம். டாக்டரின் மாடி அறையில் போய் நின்றேன். “உமக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார். எண்ணத் தெரியும் என்றேன். “இப்போது எத்தனை படி ஏறி வந்தீர்?” என்றார். “இருபத்து மூன்று. பதினேழாவது படியில் கல் பெயர்ந்திருக்கிறது” என்றேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது நரம்புச்சிலந்தியைப் பற்றி. இன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் குறைவு. வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு. ஒரு கை நீளம் வளர்ந்து, காலில் கொப்புளம் உண்டாக்கி, அதன் வழியாகத் தலையை நீட்டும். ஒரேயடியாக இழுத்தால் அறுந்துவிடும். ஈர்க்குச்சியில் தினமும் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சுற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். உள்ளே அறுந்துபோனால் சீழ் வைக்கும். மூட்டின் பக்கத்தில் சீழ் வைத்தால் மூட்டு மடங்காமல் போய்விடும்.

படியிறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணறுகள் உள்ள ஊர்களில்தான் இது அதிகம். புழு வெளிவரும் காலோடு ஒருவர் தண்ணீரில் நின்றால் புழு அங்கே குஞ்சுகளைக் கொட்டும். தண்ணீரில் இருக்கும், எளிதில் கண்ணில் படாத ஒரு பூச்சி அவற்றைத் தின்னும். பூச்சியோடு தண்ணீரைக் குடிப்பவர் காலில் அடுத்த வருடம் புழு வரும். டாக்டர் ஒரு கண்ணாடித் தம்ளரில் கிணற்றுத் தண்ணீரை வெயிலுக்கு எதிராகப் பிடித்து எனக்குக் காட்டினார். வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. பதினொன்றுவரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை. அன்றிலிருந்து வெளியே எங்கே தண்ணீர் குடித்தாலும் என் துண்டை நாலாக மடித்து வடிகட்டிக் குடித்தேன்.

டாக்டரின் திட்டம் எளியது. அலங்காநல்லூருக்கு வடக்கே, கால்வாய்த் தண்ணீர் எட்டாத மேட்டில் இரண்டு ஊர்கள். இரண்டிலும் படிக்கிணறு, இரண்டிலும் விவசாயக் குடும்பங்கள், ஏறக்குறைய ஒரே அளவு வீடுகள். ஓர் ஊருக்கு வீட்டுக்கு வீடு நெருக்கமாக நெய்த துணி கொடுத்து, வடிகட்டிக் குடிக்கச் சொல்ல வேண்டும். இன்னோர் ஊரில் ஒன்றும் சொல்லக் கூடாது. ஒரு வருடம் கழித்து இரண்டு ஊரிலும் புழு வந்த கால்களை எண்ண வேண்டும்.

“வடிகட்டினால் வராது என்று நமக்குத்தான் தெரியுமே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நமக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? மேலே இருப்பவர்கள் எண்ணைக் காட்டு என்கிறார்கள். எண்ணைக் காட்டினால் இந்தத் தாலுகாவில் உள்ள அத்தனை ஊருக்கும் துணி வரும். நீர் இரண்டாவது ஊரில் வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஞாபகம் வைத்துக்கொள்ளும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

இரண்டாவது ஊருக்கு வாரத்தில் இரண்டு நாள் போவேன். அலங்காநல்லூர் வரை பஸ், அதற்கப்பால் நடை. கிணற்றுக்குப் பத்தொன்பது படிகள். பங்குனியில் பதினான்கு படி இறங்கினால்தான் தண்ணீர். மேலே ஒரு புங்கமரம் உண்டு. அதன் நிழலில் உட்கார்ந்து, தண்ணீருக்கு வருபவர்களின் கால்களைப் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

அங்கே தினமும் வருபவர்களில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும், இருபத்தைந்து, இருபத்தாறு. கால்வாய்ப் பாசன ஊர்களுக்கு நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவாள். கூலி பேசுவதும் அவள், வரப்பில் முன்னால் நடப்பதும் அவள். எனக்குச் சொம்பில் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். ஒருநாள் நான் துண்டை மடித்துச் சொம்பின் வாயில் போட்டதைப் பார்த்துவிட்டாள்.

“என்னண்ணே, தண்ணியைத் துண்டுக்குக் குடுத்துட்டு மிச்சத்தை நீங்க குடிக்கிறீக?”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பழக்கம் என்றேன்.

“என்ன பழக்கம்? எங்க ஊர்த் தண்ணி அம்புட்டுக் கேவலமாப் போச்சா?”

“ஏய், அவுக சைவக்காரவுகடி” என்றாள் இன்னொருத்தி. “தண்ணியில பூச்சி இருந்து, அது வயித்துல போயிச் செத்தாப் பாவம்ல?”

“அப்ப நம்மளுக்குப் பாவமில்லையாக்கும். நாமதான் ஆட்டையே முழுங்குறோம்!” என்றாள் இவள். மறுபடி சிரிப்பு.

மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவள் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“நெசமாச் சொல்லுங்கண்ணே. டாக்டரோட வாரீக, போறீக. ஒவ்வொருத்தர் காலாப் பாத்து எழுதுறீக. நீங்க வடிகட்டுறதுக்கும் சிலந்திக்கும் எதுனாச்சும் சேர்த்தி உண்டா? எங்க வீட்ல ரெண்டு பிள்ளைக இருக்கு. எனக்குக் காலு போச்சுன்னா நடவு போச்சு.”

நேராகக் கேட்டாள். இத்தனை வருடத்தில் இதைவிட நேரான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“எங்க வீட்டு ஆசாரம்மா. வேற ஒண்ணுமில்ல.”

ஐந்து வார்த்தைகள். அவள் தலையாட்டிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். ஆசாரம் என்று சொன்னால் நம் ஜனங்கள் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை. அது தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி வரவில்லை. அவள் குரலைத் தாழ்த்தியபோதே பதிலைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த சித்திரையில் அவளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே கொப்புளம் வந்தது. ஊரில் புழு சுற்றும் பெரியவர் ஒருவர் ஒன்பது நாள் சுற்றினார். பத்தாம் நாள் வாசலில் மாடு முட்டவர, அவள் பதறி எழுந்ததில் புழு அறுந்துவிட்டது. நான் போனபோது முழங்கால் பூசணிக்காய் மாதிரி இருந்தது. டாக்டரிடம் சொன்னேன். அவரே வந்து கீறிச் சீழை எடுத்து, மூன்று முறை கட்டுக் கட்டினார். உயிருக்கு ஆபத்து நீங்கியது. முழங்கால் மடங்கவில்லை. நீட்டியது நீட்டியபடியே நின்றுவிட்டது. சேற்றில் குனிந்து பின்னால் நகர்ந்து நடுகிறவளுக்கு மடங்காத காலை வைத்துக்கொண்டு என்ன வேலை?

நோட்டில் எழுதினேன்: பெண், வலது முழங்கால், அறுந்தது. என் கையெழுத்து எப்போதும்போல ஒழுங்காகத்தான் இருந்தது.

இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அந்த எண்களை இங்கே எழுதப் போவதில்லை. டாக்டர் அறிக்கை அனுப்பினார். அதில் எனக்கும் ஒரு வரி நன்றி இருந்தது. துணி வந்தது. ஆவணியில் இரண்டாவது ஊருக்குத் துணிக்கட்டோடு போனேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஒரு வீடு மட்டும் வாங்கவில்லை. அது அவள் வீடு.

அவளைத் தேடிக்கொண்டு போனேன். கண்மாய்க்கரையில் நாலு ஆடுகளை மேயவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா துணி வாங்கலை?”

“எங்க அத்தை வேணாங்குது.” கையில் இருந்த குச்சியால் தரையைக் கீறினாள். “போன வருசம் நீங்க வடிகட்டுறதப் பாத்துட்டு நானும் ரெண்டு நாள் முந்தானையை மடிச்சு வடிகட்டுனேண்ணே. சும்மா, எதுக்கும் இருக்கட்டும்னு. எங்க அத்தை பாத்துட்டு, ‘கறி திங்கிற வீட்ல பொறந்துட்டு பெரிய சைவத்தி ஆயிட்டியாடி’ன்னு தெரு முழுக்கச் சொல்லிச் சிரிச்சுச்சு. விட்டுட்டேன். இப்பக் காலு இப்படி ஆனதும், வேத்தாளு ஆசாரத்தைத் தொட்டா, அதான் கருப்பனுக்குக் கோவம் வந்துருச்சுங்குது. என் வீட்டுக்காரரும் அதையே சொல்றாரு.”

நானும் கரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து சொன்னேன். ஆசாரம் என்று சொன்னது பொய், சிலந்திக்குப் பயந்துதான் வடிகட்டினேன், இந்த ஊருக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு, ஏன் உத்தரவு, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரின் நியாயத்தையும் சொன்னேன். சொல்லும்போதே அது மெலிந்துபோய்க் கேட்டது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க அத்தையே எனக்கு முன்னால வடிகட்டியிருக்கும்” என்றாள். அப்புறம், “எந்திரிங்க. வீட்டுக்கு வாங்க. இப்பச் சொன்னதை அதுகிட்டச் சொல்லுங்க. நான் சாமி குத்தம் எதுவும் பண்ணலைன்னு சொல்லுங்க. பிள்ளைகளுக்காகத் துணியையும் குடுங்க. ரெண்டும் ஒரே பேச்சுதான” என்றாள்.

நான் முன்னால் நடந்தேன். அவள் கம்பை ஊன்றி, காலை வீசி வீசிப் பின்னால் வந்தாள். வழியில் நான் சொல்ல வேண்டியதை மூன்று முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.

வாசலில் மாமியார்க்காரி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். கிழவியின் மகன், அதாவது இவளுடைய கணவன், வண்டி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தம்பிகள் இருவர் நின்றார்கள். ஆக மூன்று ஆண்கள். குடத்தருகே இரண்டு பிள்ளைகள்.

“வாங்கய்யா. என்ன, எங்களையும் சைவத்துல சேக்க வந்துட்டீகளா? இது கருப்பனுக்குக் கெடா வெட்டுற வீடு. ஒருத்தி உங்க ஆசாரத்தைத் தொட்டுட்டுக் கட்டைக்காலா நிக்கிறது போதாதா?”

சொல்ல வேண்டியது நாக்கில் இருந்தது. அந்த மூன்று பேரைப் பார்த்தேன். அடுத்த வாரம் டாக்டர் மூன்றாவதாக ஓர் ஊருக்குத் துணி கொண்டுபோக வேண்டும், இங்கே விஷயம் வெடித்தால் எந்த ஊரும் எங்களை உள்ளே விடாது என்று நினைத்தேன். பிள்ளைகளுக்குத் துணி போய்ச் சேருவதுதான் முக்கியம் என்றும் நினைத்தேன். காரணங்கள் எனக்கு எப்போதும் வரிசையாக வரும்.

“இது அது இல்லம்மா. நான் வடிகட்டுனது எங்க ஆசாரம். இது டாக்டர் குடுக்கிற மருந்துத் துணி. அது வேற, இது வேற.”

கிழவி துணியை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தாள். “மருந்தா?”

“மருந்துதான்.”

“இதை மொதல்லயே சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன்ல.” பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். “கேட்டியாடி? அய்யாவே வந்து சொல்லிட்டாக. இது வேற. நீ பண்ணுன காரியம் வேற.”

அவள் என்னைப் பார்த்தாள். அவள் என்னை மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்யமாட்டேன். அவள் பிள்ளைகளைப் பார்த்தாள், கிழவியின் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துணியை வாங்கிக் குடத்தின் வாயில் விரித்தாள்.

“இறுக்கிக் கட்டணுமாண்ணே?” என்றாள்.

“ஆமா” என்றேன்.

அடுத்த சித்திரையில் மறுபடி எண்ணப் போனேன். அந்த வீட்டில் யாருக்கும் புதிதாகச் சிலந்தி இல்லை. கிழவி பிள்ளைகள் இரண்டையும் கூப்பிட்டு நிறுத்தி, நாலு கால்களையும் எனக்குக் காட்டினாள். மருமகளின் காலையும் பார்க்க வேண்டுமே என்றேன். அவளைக் குற்றம் கழிக்கக் கருப்பன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், கெடாவும் போயிருக்கிறது, வர இருட்டிவிடும் என்றாள் கிழவி. கடைசி பஸ்ஸைக் காரணம் சொல்லி நான் புறப்பட்டுவிட்டேன்.