தெரியாது என்று சொன்ன ஏழு கதவுகள்

எங்கள் நன்னடத்தை அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இன்னொருவருக்கும் இடம் உண்டு. கதிரை இருக்கிறது, ஆள்தான் வந்தபாடில்லை. அந்தக் கதிரையில் என் குடையும் சாப்பாட்டுப் பெட்டியும் உத்தியோகம் பார்த்து வந்தன. விளக்கமறியலில் இருப்பவருக்கு நிலையான வீடுவாசல் உண்டா, பிணையில் விடலாமா என்று நேரில் போய்ப் பார்த்து நீதவானுக்கு அறிக்கை எழுதுவது எங்கள் வேலை.

லீவு முடிந்து ஒரு திங்கட்கிழமை வந்தால், மேசையில் சக உத்தியோகத்தர் எழுதிய அறிக்கை. சிங்களவர், தங்கமான மனுஷன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக்குப் போய், ஏழு கதவு தட்டி, அந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று எழுதியிருந்தார். மறுநாள் வழக்கு. இந்த அறிக்கை போனால், புறக்கோட்டைப் புடவைக்கடையில் வேலை செய்யும் அந்த மனிதர் இன்னும் பதினான்கு நாள் உள்ளேதான். அதுவும் கடைவாசலில் நடந்த ஒரு தள்ளுமுள்ளுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே பஸ் பிடித்தேன்.

முதல் மாடியில் கதவைத் திறந்த அம்மா, என் முகத்தைப் பார்க்குமுன் என் கையிலிருந்த ஃபைலைத்தான் பார்த்தார்.

"அப்பிடி ஒருத்தரையும் எங்களுக்குத் தெரியாது, பிள்ளை."

தமிழில் கேட்டும் அதே பதில். பக்கத்துக் கதவிலும் அதே. எனக்கு விளங்கிவிட்டது. யுத்த காலத்தில், ஃபைலோடு வந்து ஆள் விசாரித்தவர்களிடம் தெரியாது என்று சொல்லியே எத்தனையோ பேரைக் காப்பாற்றிய சனம் இது. என் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். இப்போதும் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்த மனிதரைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேல்மாடி ஐயா ஒருவர் படிக்கட்டால் எட்டிக் கத்தினார்.

"மோட்டர் போடுற தம்பியைப் பொலிஸ் கொண்டுபோய் அஞ்சு நாள். டாங்கில சொட்டுத் தண்ணியில்லை. அந்தச் சுவிட்ச் வேற ஒருத்தருக்கும் பிடிபடுதில்லையே."

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஆர் அந்த மோட்டர் போடுற தம்பி?" என்றேன்.

அம்மா கதவை மெல்லச் சாத்தப் பார்த்தார்.

"அம்மா, நான் பிடிக்க வரேல்லை, வெளியில எடுக்க வந்தனான். நீங்கள் தெரியாதெண்டால் அவர் அங்கேயேதான், நீங்கள் வாளியோடதான்."

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. கீழ் அறையில் ஆறு வருஷமாக இருக்கிறாராம். அவருடைய சீனி வருத்தம், அதற்குப் போடும் மருந்து, குழம்பிப்போன கல்யாணப் பேச்சு, அறிக்கைக்குத் தேவையில்லாத எல்லாம் வந்து விழுந்தன. பிளேன்டீ இரண்டு தடவை வந்தது. படிக்கட்டிலேயே இருந்து எழுதினேன்; ஏழு வீடும் கையெழுத்து வைத்தது.

மறுநாள் பிணை கிடைத்தது. எனக்குச் சரியான சந்தோஷம், மறைப்பானேன்.

அடுத்த கிழமை, பிணை நிபந்தனைப்படி கையெழுத்துப் போட அவர் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்த, வெட்கப்படுகிற மனிதர். போகப் போனவர் திரும்பி வந்தார்.

"மிஸ், உள்ளுக்குள்ள என்னோட ஒரு அண்ணை இருந்தவர், கொட்டாஞ்சேனை ஆள். அவற்ற வீட்டையும் போய்க் கேட்டு, ஆள் இல்லையெண்டு எழுதிப்போட்டினமாம். நீங்கள் எப்ப அங்க போவீங்களெண்டு கேக்கச் சொன்னவர்."

"எவ்வளவு நாளாய் உள்ள இருக்கிறார்?"

"ரெண்டு மாசம், மிஸ்."

நான் வீட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.