ரோமிலிருந்து எடுத்து வந்த கல்

ஒஸ்லோவில் எங்கள் அலுவலகத்தைத் துப்புரவாக்க வருபவர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, பனிக்காலத்திலும் அரைக்கைச் சட்டை. எதைத் தூக்கித் துடைத்தாலும் இம்மியும் பிசகாமல் இருந்த இடத்திலேயே வைப்பார்.

ஒருநாள் என் கடதாசிகள் மேலிருந்த கல்லைத் தூக்கினார்.

"எங்கத்தைக் கல்லு, தம்பி?"

"ரோமிலை எடுத்தனான், அண்ணை. பழைய ரோட்டு ஒண்டு, கரை முழுக்கக் கல்லறையள். முதல் கிறிஸ்தவர்களைப் புதைச்ச சுரங்கங்களும் அங்கைதான்."

"இது ஆரின்ரை கல்லறைக் கல்லு?"

"பேர் அழிஞ்சுபோச்சு. ரெண்டாயிரம் வருசம், இனி ஆர் வந்து கேக்கப்போயினம்?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"ஊரிலை என்ரை மகன்ரை கல்லறையை இடிச்ச ஆமிக்காரரும் அப்பிடித்தான் நினைச்சிருப்பினம்."

கல்லை இருந்த இடத்திலேயே வைத்தார்.

இப்போதும் என் மேசையைத் துடைக்கிறார். அந்தக் கல்லை மட்டும் தொடுவதில்லை. அதன்மேல் தூசு படிந்து கிடக்கிறது. துடைக்கப் போனால் எனக்குக் கை கூசுகிறது.