அவர் பேசுவதற்கு முன் எடுத்துக்கொண்ட நேரம்

போன வாரம் அந்த நடிகர் காலமானார். எந்த நாட்டுக்காரர் என்பதுகூட என் தெருவில் பலருக்குத் தெரியாது. பழைய யுத்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு முகத்தைக் காட்டினால் தெரியும். செய்தியை என் மனைவிதான் போனில் பார்த்தாள். "இன்னாங்க, உங்க பட்டாளத்துக்காரரு பூட்டாரு" என்றாள். சொந்தத்தில் ஒருவர் போனது போலிருந்தது. அந்த மனிதர் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்திருப்போமா என்பதே சந்தேகம்தான்.

1991-இல் மறைமலை நகரில், வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. ஒரகடத்தில் ஒரு செங்கல் சூளை மேஸ்திரியின் வீட்டுப் பின்பக்க அறையில் மூன்று பேர் தங்கியிருந்தோம். ஒருவன் குன்றத்தூர்க்காரன், இன்னொருவன் திருநெல்வேலிக்காரன். நான் திருச்சிப் பக்கம்.

எனக்குத் திக்குவாய். பஸ்ஸில் ஏறி ஒரகடம் என்று கேட்க வராது. 'ஒ' தொண்டையிலேயே நின்றுவிடும். ஸ்ரீபெரும்புதூர் என்பது எப்படியோ வந்துவிடும் என்பதால் அந்த ஊருக்கே டிக்கெட் வாங்கி, வழியில் ஒரகடத்தில் இறங்கிக்கொள்வேன். கம்பெனியில் சூப்பர்வைசர் எது கேட்டாலும் தலையாட்டுவேன். வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் போய்விடுவார் என்பதால் ஷிப்ட் முடிந்தபின் பார்க்கும் எல்லா ஓ.டி.யும் எனக்கே வந்தது. பேசாதவன் காது மட்டும் சும்மா இருக்குமா? போர்டிங் பள்ளியில் படித்த நாளிலிருந்து ரேடியோவில் ஆங்கிலச் செய்தி கேட்பேன். அந்த மொழி எனக்கு நன்றாகப் புரியும்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தோம். குன்றத்தூர்க்காரன் கேட்டது ஒரு தமிழ்ப் படம். கடைக்காரர் அவசரத்தில் கொடுத்த கேசட்டைப் போட்டால், பனி மூடிய மலையும் துப்பாக்கியும் வெள்ளைக்காரர்களுமாக ஓடியது. திருப்பிக் கொடுக்கலாமென்றால் வெளியே கால் வைக்க முடியாத மழை.

கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார்கள். பிறகு திருநெல்வேலிக்காரன் பொறுக்க முடியாமல், "ஏல, அந்தாளு என்னல சொல்லுதான்?" என்று என்னைக் கேட்டான்.

"உனுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, சொல்லுபா. நாங்க எங்க போவப்போறோம்?" என்றான் மற்றவன்.

முதலில் ஒற்றைச் சொல்லாகத்தான் சொன்னேன். எதிரி. மலை. ரொட்டி தீர்ந்துபோச்சு. அப்போதுதான் அந்த நடிகர் வந்தார். படையின் அதிகாரி அவர். உதவிக்கு யாரும் வரப்போவதில்லை என்று தன் ஆட்களிடம் சொல்ல வேண்டும். உடனே சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றினார், பனியைத் தட்டினார், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அத்தனை சிப்பாய்களும் அவர் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் முந்திக்கொண்டு அவருக்காகச் சொல்லை முடித்து வைக்கவில்லை. அந்த நேரம் எனக்கும் கிடைத்தது. அவர் வாய் திறந்தபோது நானும் திறந்தேன்.

"யாரும் வர மாட்டாங்க. நமக்கு நாமதான். விடிஞ்சதும் நடக்கலாம்."

ஒரு திக்கல் இல்லை. அறையில் இருந்த இருவரும் டி.வி.யை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் போய்விடுமோ என்று பயம். படம் முடியும்வரை அவருக்காக நான்தான் பேசினேன். கடைசியில் அவர் சாகும்போது திருநெல்வேலிக்காரன் அழுதான்.

மறுநாள் காலை அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் போனேன். மேஸ்திரியின் மகள் குடத்தோடு நின்றிருந்தாள். பக்கத்து ஊர் பால்வாடியில் டீச்சர். அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நேத்து உங்க ரூம்ல கத சொன்னது யாரு? நானும் அம்மாவும் சொவத்தாண்டயே உக்காந்து கேட்டோம்."

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் நம்பவில்லை. நான்தான் என்று சொல்ல முயன்றேன். 'நா'விலேயே நின்றுவிட்டேன். முகம் சூடாகி, கழுத்து இழுத்துக்கொண்டது. வழக்கமாக இந்த இடத்தில் எதிரில் இருப்பவர்கள் வேறெங்காவது பார்ப்பார்கள். அவள் குடத்தை இறக்கிவைத்தாள்.

"மெதுவா சொல்லுங்க. எங்க புள்ளைங்க ஒரு பேரு சொல்றதுக்குள்ள கஞ்சியே ஆறிப்பூடும். எனுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

சொல்லி முடித்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, "அந்த மாதிரி படம் இன்னொண்ணு எடுத்தாருங்க" என்றாள்.

எடுத்து வந்தோம். கடைக்காரரிடம் அந்த நடிகர் நடித்த படங்களாகவே கேட்டோம். கடல், பாலைவனம், நீர்மூழ்கி என்று எங்கெங்கோ சண்டை போட்டார். மேஸ்திரி குடும்பம் எங்கள் அறை வாசலில் பாய் விரித்து உட்காரத் தொடங்கியது. நிஜப் பேச்சில் திக்கல் போகவில்லை. ஆனால் வார்த்தை வராத நேரத்தில் தலையைக் குனிவதை நிறுத்திவிட்டேன். ஒருநாள் சூப்பர்வைசரை நேராகப் பார்த்து, நின்று நிதானித்து, "இன்னிக்கு ஓ.டி. வேணாம் சார்" என்றேன். "சொல்றதுக்கு இன்னாயா, சொல்ல வேண்டியதுதான?" என்றார் அவர்.

கிறிஸ்துமஸ் முடிந்து மேஸ்திரியிடம் நானே போய்ப் பெண் கேட்டேன். சூளையில் நூறு பேரைக் கத்தி வேலை வாங்குகிற மனிதர். இரண்டாவது சொல்லிலேயே சிக்கிக்கொண்டேன். "இன்னா, வாடக விஷயமா?" என்று அவசரப்பட்டார். இல்லையென்று தலையாட்டி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரும் நின்றார். கேட்டு முடித்தபோது உள்ளே திரும்பி, "இன்னாடி, உனுக்கு சம்மதமா?" என்று கத்தினார். உள்ளிருந்து பதில் உடனே வந்தது.

கோயிலில் கல்யாணம். பலிபீடத்துக்கு முன்னால், எல்லோரும் கேட்க, அவள் பெயரைச் சொல்லி ஏற்றுக்கொள்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. பெயருக்குப் பதில் வேறு சொல் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. சாமியார் சொல்லிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வரவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அந்தப் பனிமலையில் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நான் ஒரே ஒரு முகத்தைப் பார்த்தேன். அவள் அடிபம்படியில் நின்றது போலவே நின்றாள். அவள் பெயர் முழுசாக வந்தது. மற்றதும் வந்தது.

எங்கோ ஒரு தேசத்தில், யாருக்காகவோ நடித்துவிட்டுப் போன மனிதர். பேசத் தெரிந்தவர்கூட நேரம் எடுத்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் இல்லை என்று எனக்குக் காட்டியவர் அவர். இந்த வாரம் பூசையில் அவர் ஆத்துமாவுக்காகவும் வேண்டிக்கொண்டோம். அவர் எந்த மதம் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

கல்யாணத்தன்று பிரியாணிப் பந்தியில் மேஸ்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் இலையில் இன்னொரு துண்டு கறியை வைக்கச் சொல்லிவிட்டு, "நல்லா துன்னு மாப்ள" என்றார். நல்ல பசி. சாப்பிட்டேன்.